ஃபிரன்ட்எண்ட் கோடிங் சுற்றுக்கு எதைப் பழகுவது?

கேள்வி – ஜனவரி 8, காலை 7.52

சில வருடமாக ரியாக்டில் (இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) வேலை செய்கிறேன். அடுத்த மாதம் ஒரு வேலை நேர்காணலில் ஃபிரன்ட்எண்ட் கோடிங் சுற்று (பயனர் கண்ணில் படும் பக்கத்தை நிரலாக எழுதிக் காட்டுவது) இருக்கிறது. ஒன்றரை மணி நேரம், திரையைப் பகிர்ந்துகொண்டு எழுத வேண்டும். "அடிக்கடி கேட்கப்படும் நூறு கேள்விகள்" மாதிரி ஒரு பட்டியலை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிளோஷர், ஹாய்ஸ்டிங், ப்ரோட்டோடைப் மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் கருத்துகளை எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நேற்று வெற்றுக் கோப்பைத் திறந்து ஒரு ஆட்டோகம்ப்ளீட் பெட்டி (அடிக்க அடிக்கப் பரிந்துரை காட்டுவது) எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அல்காரிதம் புதிர்களும் போட வேண்டுமா? எங்கே ஆரம்பிப்பது?

ஜனவரி 8, இரவு 9.15

பட்டியலை மூடி வையுங்கள். அதில் இருப்பது தப்பு என்று சொல்லவில்லை, அந்தச் சுற்றில் அதற்கு வேலை குறைவு. "கிளோஷர் என்றால் என்ன" என்பது தொலைபேசியில் பேசி வடிகட்டும் முதல் சுற்றின் கேள்வி. ஒன்றரை மணி நேரம் திரையைப் பகிரச் சொல்கிறார்கள் என்றால் எதையாவது கட்டச் சொல்லப்போகிறார்கள்: ஆட்டோகம்ப்ளீட், நட்சத்திர மதிப்பீடு, டேப்கள், அக்கார்டியன், மோடல், ஸ்டாப்வாட்ச், மூன்றுக்கு மூன்று எக்ஸ்-ஓ ஆட்டம், வரிசைப்படுத்தி பக்கம் பிரிக்கும் அட்டவணை, ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் கோப்புறை மரம். ஒரு மணி நேரத்தில் ஒப்பேற்றக்கூடிய, ஆனால் தோண்டினால் ஆழம் போகக்கூடிய விஷயங்கள் உலகத்தில் ரொம்ப இல்லை, அதனால் எல்லோரும் இந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறார்கள்.

இப்போது நான் பெரும்பாலும் கேட்கிற பக்கம் உட்காருகிறவன். தட்டச்சு ஆரம்பிக்கும் முன் என்ன கேட்டார், ஸ்டேட்டை (திரை நினைவில் வைத்திருக்கும், மாறக்கூடிய தரவு) எங்கே வைத்தார், எவ்வளவு சீக்கிரம் திரையில் ஏதோ ஒன்று ஓடியது, ஓடாதபோது என்ன செய்தார், இவைதான் என் குறிப்புத் தாளில் இருக்கும். கடைசி விஷயத்தில்தான் ஆட்கள் பிரிகிறார்கள். கன்சோலில் சிவப்பாக ஒரு வரி வருகிறது, எந்தக் கோப்பு எந்த வரி என்று அதிலேயே எழுதியிருக்கிறது, அதைப் படிக்காமல் நிரலை அங்கே இங்கே தட்டிப் பார்ப்பவர்கள் அவ்வளவு பேர்.

அதனால், மேலே சொன்னதில் ஒன்றை எடுங்கள். வெற்றுக் கோப்பு, பக்கத்தில் கடிகாரம், எம்டிஎன் (மொஸில்லாவின் இணைய நிரலாக்க ஆவணத் தளம்) தவிர வேறு டேப் கிடையாது. எடிட்டரில் ஏஐ வரியை முடித்துத் தருவதை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் உங்களுக்குத் தெரியாதது எதுவென்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். முடித்ததும் அழித்துவிடுங்கள். கொஞ்ச நாள் கழித்து அதையே மறுபடி எழுதுங்கள். முதல் தடவை நீங்கள் விடையைத் தேடுகிறீர்கள். இரண்டாவது தடவை எழுதும்போதுதான் எங்கே தேவையில்லாமல் சுற்றினோம் என்று கண்ணில் படும்.

ஜனவரி 8, இரவு 9.40

அல்காரிதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஊகிக்காமல் ஆளெடுப்பவரிடமே கேட்டுவிடுங்கள். ரியாக்டா வெற்று ஜாவாஸ்கிரிப்டா, எந்த எடிட்டர், நிரல் அங்கே ஓடுமா இல்லை வெறும் எழுத்துப் பலகையா, இணையம் பார்க்கலாமா, ஏஐ அனுமதி உண்டா. கேட்டால் சொல்வார்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஃபிரன்ட்எண்டுக்கு உண்மையில் கைகொடுக்கும் ஒரே அல்காரிதம் குடும்பம் மரங்கள், ரிகர்ஷன் (ஒரு ஃபங்க்ஷன் தன்னையே கூப்பிடுவது). டாமே (பக்கத்தின் உறுப்புகளை உலாவி அடுக்கி வைத்திருக்கும் அமைப்பு) ஒரு மரம்தானே. மரத்தில் இறங்கி ஏறத் தெரிந்தால் போதும். கூடவே மேப்பும் செட்டும் எப்போது அர்ரேயைவிட நல்லது என்று தெரிந்திருக்க வேண்டும். டைனமிக் ப்ரோக்ராமிங் கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ஜனவரி 9, இரவு 10.05

உங்களுக்குக் கை ஓடாத ஆட்டோகம்ப்ளீட்டையே எடுத்துக்கொள்வோம், ஒரு சின்னப் பெட்டிக்குள் ஃபிரன்ட்எண்டில் இருக்கும் தொல்லை எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதல் பத்து நிமிடம் நெட்வொர்க்கே வேண்டாம். ஒரு அர்ரேயைக் கையால் எழுதி வைத்து, இன்புட்டில் அடிக்கும்போது வடிகட்டி ஒரு யுஎல்லில் (எச்டிஎம்எல் பட்டியல்) காட்டுங்கள். ஓடுகிறதா, நல்லது, இப்போது உங்களிடம் காட்ட ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு அதை ஒரு அசிங்க் ஃபங்க்ஷனாக (விடை உடனே இல்லாமல் பிறகு வருவது) மாற்றுங்கள். மாற்றிய நொடியே மூன்று நிலைகள் வந்துவிடும்: வந்துகொண்டிருக்கிறது, ஒன்றும் கிடைக்கவில்லை, பிழை. இந்த மூன்றையும் யாரும் கேட்காமல் நீங்களாகவே காட்டினால் கேட்கிறவர் முகத்தில் ஒரு தெளிச்சி தெரியும். இங்கே ஒரு பொறி: ஃபெட்ச் (சர்வரிடம் தரவு கேட்கும் ஃபங்க்ஷன்) 404, 500 போன்ற பிழைப் பதில்களுக்கு ரிஜெக்ட் ஆகாது. நெட்வொர்க்கே விழுந்தால்தான் கேட்ச்சுக்குள் போகும். ரெஸ்பான்ஸ் டாட் ஓகே பார்க்காமல் விட்டால் பிழை நிலை எழுதியும் அது திரையில் வரவே வராது.

அடுத்தது டிபவுன்ஸ், அதாவது அடிப்பது சற்று நின்ற பிறகே கோரிக்கை அனுப்புவது. எழுதுவது சுலபம், டைமரை அழி, புதிதாக வை. ஆனால் ரியாக்டில் அதை காம்பொனென்ட் உடம்புக்குள்ளேயே உருவாக்கினால் ஒவ்வொரு ரெண்டருக்கும் (காம்பொனென்டை மறுபடி ஓட்டி வரைவது) ஒரு புது டிபவுன்ஸ் பிறக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி டைமர். அடித்த எல்லா எழுத்துக்கும் கோரிக்கை போகும், கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். யூஸ்எஃபெக்டுக்குள் (ரெண்டருக்குப் பின் ஓடும் பகுதி) செட்டைம்அவுட் வைத்து க்ளீனப்பில் (அது மறுபடி ஓடும் முன் பழையதைத் துடைக்கும் இடம்) அழிப்பது என் பார்வையில் எல்லாவற்றிலும் எளிது.

பிறகு விசைப்பலகை. கீழ் அம்பு, மேல் அம்பு, என்டர், எஸ்கேப். இதில் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களாவது கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: ஐஎம்இ (விசைகளைத் தமிழ் எழுத்தாக மாற்றும் உள்ளீட்டுக் கருவி) வைத்து எழுதும்போது சில கருவிகளில் என்டர் என்பது சொல்லை உறுதிசெய்யும் விசை. அதைப் பரிந்துரையைத் தேர்ந்தெடுத்ததாக உங்கள் நிரல் எடுத்துக்கொண்டால் பயனருக்கு எரிச்சல்தான். இவென்டில் இஸ்கம்போசிங் என்று ஒரு பண்பு இருக்கிறது, அது ட்ரூ என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

அப்புறம் எல்லோரையும் விழவைக்கும் ஒன்று. இன்புட் ப்ளர் ஆனதும் (ஃபோகஸ் அதைவிட்டு நகர்ந்ததும்) பட்டியலை மூடுகிறோம், சரி. பயனர் ஒரு பரிந்துரையைக் கிளிக் செய்கிறார். மவுஸ்டவுன் ஆனவுடன் இன்புட் ப்ளர் ஆகிறது, பட்டியல் மறைகிறது, கிளிக் வந்து சேரும்போது அங்கே ஒன்றுமே இல்லை. செட்டைம்அவுட் 200 என்று ஒட்டுப்போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. பட்டியலின் மவுஸ்டவுனில் ப்ரிவென்ட்டிஃபால்ட் போட்டால் ஃபோகஸே நகராது, வேலை முடிந்தது.

ஜனவரி 10, காலை 8.10

"டிபவுன்ஸ் போட்டாலே பழைய பதில் பின்னால் வந்து புதியதை அழிக்கும் பிரச்சினை போய்விடுமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போகாது. கோரிக்கைகளின் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். நீங்கள் "கட" என்று அடித்து நிறுத்துகிறீர்கள், கோரிக்கை போகிறது, சர்வர் திணறுகிறது. அதற்குள் "கடல்" என்று முடிக்கிறீர்கள், இரண்டாவது போய் உடனே திரும்பிவிடுகிறது. பிறகு முதலாவது ஆடி அசைந்து வந்து திரையில் உட்கார்ந்துகொள்ளும். பெட்டியில் "கடல்", கீழே "கடன்", "கடலை", "கடப்பாரை".

அபார்ட்கன்ட்ரோலர் வைத்து முந்தைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள், அல்லது எஃபெக்டுக்குள் இக்னோர் என்று ஒரு கொடியை வைத்து க்ளீனப்பில் ட்ரூ ஆக்குங்கள். ரத்து செய்தால் ஃபெட்ச் அபார்ட்எரர் எறியும், அதைப் பிழைச் செய்தியாகப் பயனருக்குக் காட்டிவிடாதீர்கள். இந்த ஒரு பிரச்சினையைத் தானாகவே எடுத்துப் பேசுகிறவர் உண்மையான பயனர்கள் இருக்கும் இடத்தில் வேலை செய்தவர் என்று நான் நினைத்துக்கொள்வேன், அது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

ஜனவரி 10, காலை 8.14

இசட்-இன்டெக்ஸ் (எது எதற்கு மேலே வரும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் எண்) 9999 போட்டும் மேலே வரவில்லை என்றால் 99999 போடாதீர்கள். தயவுசெய்து.

ஜனவரி 11, மாலை 6.30

வெற்று ஜாவாஸ்கிரிப்ட் பக்கம். இங்கே கேட்பது இரண்டு வகை, ஒன்று "இது என்ன அச்சிடும்", இன்னொன்று "இதை நீயே எழுது".

முதல் வகையில் எப்போதும் வருவது இவென்ட் லூப், எது எப்போது ஓடும் என்ற ஒழுங்கு. 1 அச்சிடு, பிறகு செட்டைம்அவுட் 0-க்குள் 2, தீர்ந்த ப்ராமிஸின் தென்-க்குள் 3, கடைசியில் 4. விடை 1, 4, 3, 2. கையில் இருக்கும் நிரல் முழுதும் ஓடி முடிய வேண்டும், பிறகு மைக்ரோடாஸ்க் வரிசை (ப்ராமிஸின் வேலைகள் காத்திருக்கும் இடம்) காலியாக வேண்டும், அதற்கப்புறம்தான் டைமர். இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் கொஞ்சம் முறுக்கிக் கேட்பார்கள்: ப்ராமிஸ் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்கும் ஃபங்க்ஷன் உடனடியாகவே ஓடும், அசிங்க் ஃபங்க்ஷனில் முதல் அவெய்ட் வரை உள்ளதும் உடனடியாகவே ஓடும். "அசிங்க் என்று எழுதியிருக்கிறதே, அதனால் பிறகுதான்" என்று சொல்கிறவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்.

வார் வைத்து மூன்று தடவை ஓடும் ஃபார் லூப்பில் செட்டைம்அவுட், 3 3 3 என்று வரும், லெட் போட்டால் 0 1 2. லெட் 2015-இல் மொழிக்கு வந்துவிட்டது, இன்னும் இந்தக் கேள்வி ஓய்வு பெறவில்லை. சார்ட்டுக்கு ஒப்பீட்டு ஃபங்க்ஷன் கொடுக்காமல் 10, 9, 1-ஐ வரிசைப்படுத்தினால் 1, 10, 9 வரும், எண்களைச் சரமாக்கி ஒப்பிடுவதால். '1', '2', '3' உள்ள அர்ரேயை பார்ஸ்இன்ட் கொடுத்து மேப் செய்தால் 1, NaN, NaN (எண் அல்ல என்ற குறி) வரும், மேப் இரண்டாவதாகத் தரும் வரிசை எண்ணை பார்ஸ்இன்ட் எண்ணடிமானமாக எடுத்துக்கொள்கிறது. டைப்ஆஃப் நல் "ஆப்ஜெக்ட்" என்பது 1995-இலிருந்து வரும் கறை, பழைய தளங்கள் உடைந்துவிடும் என்று யாரும் துடைக்கவில்லை. இவற்றுக்கு ஒரு மாலை போதும், அதற்கு மேல் செலவழிக்காதீர்கள்.

இரண்டாவது வகைதான் உழைப்பைக் கேட்கும். டிபவுன்ஸ், த்ராட்டில், ஃப்ளாட்டன், டீப்க்ளோன், இவென்ட்எமிட்டர், ப்ராமிஸ் ஆல். கடைசியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பதில்கள் கொடுத்த வரிசையில் இருக்க வேண்டும், முடிந்த வரிசையில் இல்லை, ஆகவே புஷ் கூடாது, இடம் பார்த்து வைக்க வேண்டும். இதுவரை எல்லோரும் வந்துவிடுகிறார்கள். பிறகு "எல்லாம் முடிந்ததா" என்பதற்கு அர்ரேயின் லெங்த்தைப் பார்க்கிறார்கள். ஐந்தில் கடைசி ப்ராமிஸ் முதலில் முடிந்தால் 0-இலிருந்து எண்ணினால் நாலாவது இடத்தில் மதிப்பு உட்காரும், லெங்த் உடனே 5 ஆகிவிடும், நாலு ஓட்டையோடு ரிசால்வ் ஆகிவிடும். தனியாக ஒரு எண்ணி வேண்டும். காலி அர்ரே கொடுத்தால் உடனே ரிசால்வ் ஆக வேண்டும், இல்லையென்றால் கடைசிவரை காத்துக்கொண்டே இருக்கும். ப்ராமிஸ் அல்லாத சாதா மதிப்பும் வரலாம், ப்ராமிஸ் டாட் ரிசால்வில் சுற்றிவிடுங்கள். பதினைந்து வரி நிரல், அதற்குள் இவ்வளவு.

டீப்க்ளோனுக்கு "ஸ்ட்ரக்சர்ட்க்ளோன் இருக்கிறதே" என்று முதலில் சொல்லுங்கள், மதிப்பெண் உண்டு. ஃபங்க்ஷன் இருந்தால் அது பிழை எறியும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜேசன் வழியாகப் போய் வந்தால் அன்டிஃபைன்ட் காணாமல் போகும், தேதி சரமாகும், மேப் காலி ஆப்ஜெக்ட் ஆகும், தன்னையே சுட்டும் ஆப்ஜெக்ட் என்றால் வெடிக்கும். கையால் எழுதச் சொன்னால் அந்தச் சுழற்சியைப் பிடிக்கத்தான் வீக்மேப், ஏற்கெனவே நகலெடுத்தவற்றை அதில் குறித்துவைக்கலாம்.

ஜனவரி 13, இரவு 11.20

ரியாக்ட். இங்கே சொல்ல எனக்குப் பெரிதாக ஒரே விஷயம்தான்: கணக்கிட்டுப் பெறக்கூடியதை ஸ்டேட்டில் வைக்காதீர்கள்.

எக்ஸ்-ஓ ஆட்டம் கொடுத்தால் பாதிப்பேர் நாலு யூஸ்ஸ்டேட் எழுதுகிறார்கள். கட்டங்கள், யார் முறை, யார் வென்றார், ஆட்டம் முடிந்ததா. பிறகு இந்த நாலையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவைக்க யூஸ்எஃபெக்ட், அந்த யூஸ்எஃபெக்டால் கூடுதல் ரெண்டர், மீட்டமை பொத்தானில் ஒன்றை மறந்து, ஆட்டம் பாதியில் தொங்குகிறது. ஒன்பது கட்டம் மட்டும் ஸ்டேட். நிரம்பிய கட்டம் இரட்டைப்படை என்றால் எக்ஸ் முறை. வென்றவரை ரெண்டரில் கணக்கிடலாம், எட்டு வரிகள்தானே பார்க்க வேண்டும். மீட்டமை என்பது ஒரே செட். தேடல் பெட்டி உள்ள அட்டவணையும் அப்படித்தான், தரவும் தேடல் சொல்லும் ஸ்டேட், வடிகட்டிய பட்டியல் ஸ்டேட் இல்லை.

ஸ்டாப்வாட்ச் கேட்டால் இரண்டு குழிகள். யூஸ்எஃபெக்டுக்குக் காலிப் பட்டியல் கொடுத்து, உள்ளே செட்இன்டர்வலில் செட்கவுன்ட் கவுன்ட் கூட்டல் 1 என்று எழுதினால், அந்த ஃபங்க்ஷனுக்குத் தெரிந்த கவுன்ட் எப்போதும் 0, திரை 1-லேயே நிற்கும். உங்கள் பட்டியலில் இருந்த கிளோஷர் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஃபங்க்ஷன் வடிவில் கொடுத்தால் சரியாகும். ஆனால் அதோடு நிற்காதீர்கள். இன்டர்வல் துல்லியமானதில்லை, டேப் பின்னணிக்குப் போனால் உலாவி டைமர்களை மெதுவாக்கிவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்றைக் கூட்டினால் கடிகாரம் பின்தங்கும். தொடங்கிய நேரத்தை வைத்துக்கொண்டு இப்போதைய நேரத்திலிருந்து கழியுங்கள். இன்டர்வல் திரையைப் புதுப்பிக்க மட்டும்.

பட்டியலின் ஒவ்வொரு வரிசைக்கும் ரியாக்ட் கேட்கும் அடையாளமான கீ-க்கு இன்டெக்ஸ் கொடுப்பது ஏன் கூடாது என்று கேட்டால் "செயல்திறன்" என்று மழுப்பாமல் உதாரணம் சொல்லுங்கள்: ஒவ்வொரு வரிசையிலும் ஒரு இன்புட், மூன்றிலும் ஏதோ அடித்திருக்கிறது, முதல் வரிசையை நீக்கினால் பெயர்கள் சரியாக நகரும், அடித்த எழுத்துகள் நகராமல் பக்கத்து வரிசைக்கு உரிமை கொண்டாடும். அட்டவணையை வரிசைப்படுத்தும்போது சார்ட் அதே அர்ரேயையே மாற்றும், அதே அர்ரேயைத் திரும்ப செட் செய்தால் ரியாக்ட் ஒன்றும் மாறவில்லை என்று தூங்கும். நகல் எடுங்கள், அல்லது 2023 பதிப்பில் வந்த டூசார்ட்டட்.

மேம்பாட்டுச் சூழலில் எஃபெக்ட் இரண்டு தடவை ஓடுகிறதே என்று நேர்காணல் நடுவில் பதறுகிறவர்கள் உண்டு. ரியாக்ட் 18 முதல் ஸ்ட்ரிக்ட் மோடில் அப்படித்தான், உங்கள் க்ளீனப் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மேலே போங்கள்.

ஜனவரி 14, காலை 7.35

"அப்போது ரியாக்ட் மட்டும் பழகினால் போதுமா" என்று கேட்டவருக்கு: மேலே வெற்று ஜாவாஸ்கிரிப்டுக்கு ஃபங்க்ஷன்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனேன், டாமைத் தொடவில்லை. தொட வேண்டும். டேப்களும் கோப்புறை மரமும் ரியாக்ட் இல்லாமல் எழுதிப் பாருங்கள். க்ரியேட்எலிமென்ட், டெக்ஸ்ட்கன்டென்ட், க்ளாஸ்லிஸ்ட், இவென்ட் டெலிகேஷன், இவ்வளவு தெரிந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மரத்தில் ஒவ்வொரு முனைக்கும் லிசனர் போடாமல் வேருக்கு ஒன்று போட்டு, டார்கெட் டாட் க்ளோசஸ்ட் வைத்து எதைத் தட்டினார்கள் என்று கண்டுபிடியுங்கள். ஃபோகஸ் மேலே குமிழாது (பெற்றோர் உறுப்புக்குப் போய்ச் சேராது), ஃபோகஸ்இன் குமிழும். பயனர் அடித்ததை இன்னர்எச்டிஎம்எல்லில் அப்படியே ஊற்றினால் எக்ஸ்எஸ்எஸ் (வெளியார் நிரலை உங்கள் பக்கத்தில் ஓடவிடும் ஓட்டை) பற்றி அடுத்த பத்து நிமிடம் பேச வேண்டியிருக்கும்.

ஆனாலும் இருக்கும் நேரத்தில் முக்கால்வாசியை வேலை விளம்பரத்தில் எழுதியிருக்கும் கருவிக்கே கொடுப்பேன். நீங்கள் தினமும் ரியாக்ட் எழுதுகிறவர், அதில் தடுமாறினால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

ஜனவரி 14, இரவு 10.50

கொஞ்சம் தடம் மாறுகிறேன். "சரத்தைத் திருப்பு" என்ற பழைய கேள்வியை ஒரு தடவை விளையாட்டுக்கு "தமிழ்" என்ற சொல்லை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஸ்ப்ளிட், ரிவர்ஸ், ஜாய்ன். மூன்று எழுத்து என்று நாம் நினைப்பதற்கு லெங்த் 5 என்று வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. திருப்பினால் புள்ளி ஆளில்லாமல் முன்னால் தொங்கும், இகரம் ழகரத்தோடு ஒட்டிக்கொள்ளும், ழி, ம, த. இன்டல் டாட் செக்மென்டரை க்ராஃபீம் (நாம் ஒரே எழுத்தாகப் பார்ப்பது) அளவில் வைத்துப் பிரித்தால் த, மி, ழ் என்று மூன்றாக வரும், பிறகு திருப்பலாம். இமோஜிக்கும் இதே கதைதான், ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. ஒரு நேர்காணலில் இதைச் சொன்னேன், எதிரில் இருந்தவர் தன் பெயரைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு பிறகு கேள்விகளையே மறந்துவிட்டார்.

இதே காரணத்துக்காக, "அதிகபட்சம் இத்தனை எழுத்து" என்று காட்டும் உரைப்பெட்டி கொடுத்தால் "எழுத்து என்று எதை எண்ண வேண்டும்" என்று கேளுங்கள். நல்ல கேள்வி, தட்டச்சு தொடங்கும் முன் கேட்க வேண்டிய வகை.

ஜனவரி 16, மாலை 7.00

சிஎஸ்எஸ்ஸை யாரும் பழகுவதில்லை. நடுவில் வைப்பது எப்படி என்று கேட்டால் ஃப்ளெக்ஸ் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சுற்றில் நேரத்தைத் தின்பது இதுதான், தர்க்கமெல்லாம் முடிந்து பக்கம் கோணலாக நிற்கும்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை இவை. ஃப்ளெக்ஸ் குழந்தைக்குள் நீளமான உரையை மூன்று புள்ளியோடு வெட்ட வேண்டும், எல்லாம் சரியாக எழுதியும் வெட்டுப்படாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகும். ஃப்ளெக்ஸ் குழந்தைகளுக்கு மின்-விட்த் இயல்பாகவே ஆட்டோ, அதை 0 ஆக்க வேண்டும். ஸ்டிக்கி தலைப்பு ஒட்டவில்லை, மேலே ஏதோ ஒரு மூதாதை ஓவர்ஃப்ளோ ஹிடன் வைத்திருக்கிறது. அன்று இசட்-இன்டெக்ஸ் பற்றிப் புலம்பியதும் இதே வகை: பெற்றோரில் ட்ரான்ஸ்ஃபார்மோ, 1-க்குக் குறைந்த ஒபாசிட்டியோ இருந்தால் அங்கே புது ஸ்டாக்கிங் கன்டெக்ஸ்ட் பிறந்துவிடும், அதற்குள் எத்தனை ஒன்பது போட்டாலும் வெளியே இருப்பவனோடு போட்டி போட முடியாது. மோடலுக்கு டயலாக் என்ற உறுப்பையே எடுத்து ஷோமோடல் கூப்பிட்டால் எல்லாவற்றுக்கும் மேலான அடுக்கில் போய் உட்காரும், எஸ்கேப்பும் வேலை செய்யும்.

அணுகல்தன்மை இதோடு சேர்ந்ததுதான். டிவ்வுக்கு ஆன்கிளிக் போட்டுப் பொத்தான் என்று பெயர் வைக்காதீர்கள். பட்டன் என்று எழுதினால் டேப் விசையும் என்டரும் ஸ்பேசும் இலவசமாக வருகின்றன. லேபல் இல்லாத இன்புட்டை ப்ளேஸ்ஹோல்டர் காப்பாற்றாது. நட்சத்திர மதிப்பீட்டை ஐந்து ரேடியோ பொத்தானாக எழுதி, மேலே நட்சத்திரம் வரைந்தால் அம்புக்குறி விசைகள் தாமாகவே ஓடும். இதை ஒருவர் என் முன்னால் செய்தபோது மிச்சக் கேள்விகளை எல்லாம் நான் கொஞ்சம் மென்மையாகத்தான் கேட்டேன். கோப்புறை மரத்தில் செக்பாக்ஸ் வைக்கச் சொன்னால், பாதி தேர்ந்த நிலையைக் காட்டும் இன்டிடர்மினேட் எச்டிஎம்எல் பண்பாகக் கிடையாது, ஜாவாஸ்கிரிப்டில் இருந்துதான் வைக்க முடியும், ரியாக்ட் என்றால் ரெஃப் வேண்டும்.

ஜனவரி 17, இரவு 9.30

பேசிக்கொண்டே எழுதுவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டாம், அது கேட்கிறவருக்கே தலைவலி. முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் சொல்லுங்கள்: "இதை இப்போதைக்கு மேலே உள்ள காம்பொனென்டில் வைக்கிறேன், இரண்டு குழந்தைகளுக்கும் தேவை என்பதால்." யோசிக்க அமைதி வேண்டுமென்றால் "ஒரு நிமிடம் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு யோசியுங்கள், யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். மாட்டிக்கொண்டால் என்ன எதிர்பார்த்தேன், என்ன நடக்கிறது, அடுத்து எதைப் பார்க்கப்போகிறேன் என்று மூன்றையும் சொல்லுங்கள். நான் அந்த இடத்தில்தான் குறிப்புக் கொடுப்பேன். குறிப்பு கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வீம்புக்கு உங்கள் வழியிலேயே போகாதீர்கள்.

எல்லா இடமும் இப்படி இருக்காது என்பதும் உண்மை. ஒரு நிறுவனத்தில் கேமராவை அணைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் முழு நேரமும் உட்கார்ந்திருந்தார்கள், கேள்வி கேட்டால் "உங்கள் விருப்பம்" என்பது மட்டும் பதில். அங்கே சுவரோடு பேசுகிற மாதிரி பேசிவிட்டு வந்தேன். வேலை கிடைத்திருந்தாலும் போயிருப்பேனா தெரியவில்லை.

ஜனவரி 19, காலை 8.05

டைப்ஸ்கிரிப்டில் (வகைகள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) எழுதலாமா என்றால், அன்றாடம் அதில்தான் எழுதுகிறீர்கள் என்றால் எழுதுங்கள். ஜெனரிக் ஒன்றோடு மல்லுக்கட்டி நேரம் போகிறது என்றால் எனி (எந்த வகையும் ஆகலாம் என்பது) போட்டு "பிறகு இறுக்குகிறேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

ஜனவரி 22, இரவு 10.15

இரண்டாவது சுற்றில் ஒரு செய்தி ஓடையை வடிவமைக்கச் சொல்வார்கள் என்று தகவல் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, முன்பே சொல்லிவிட்டார்கள்.

படம் வரைய ஆரம்பிக்கும் முன் கேளுங்கள்: பதிவில் படம் உண்டா காணொளி உண்டா, புதிய பதிவுகள் தாமாக வர வேண்டுமா, கைபேசியா கணினியா. பிறகு தரவு எப்படி வரும் என்று தொடங்குங்கள். "20-ஐத் தாண்டி அடுத்த 20" என்று ஆஃப்செட் வைத்தால், நடுவில் மேலே இரண்டு புதுப் பதிவு சேர்ந்த மாத்திரத்தில் பார்த்த இரண்டே மறுபடி வரும். கடைசியாகப் பார்த்த பதிவைக் கர்சராகக் கொடுத்து "இதற்கு அடுத்தது" என்று கேட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்க்ரோல் இவென்டைக் கேட்டுக் கணக்குப் போடாமல் அடியில் ஒரு காலி உறுப்பை வைத்து இன்டர்செக்ஷன்அப்சர்வரால் கண்காணியுங்கள், ரூட்மார்ஜின் கொடுத்தால் அடியைத் தொடும் முன்பே அடுத்த தொகுதி கிளம்பும்.

ஆயிரம் பதிவு சேர்ந்தால் டாம் கனக்கும். கண்ணுக்குத் தெரிவதையும் அக்கம்பக்கத்தையும் மட்டும் வரைகிற விர்ச்சுவலைசேஷன் பற்றிப் பேசுங்கள், அதில் உள்ள வலியையும் சேர்த்து: பதிவுகளின் உயரம் ஒரே அளவாக இருக்காது, உலாவியின் பக்கத்துக்குள் தேடல் திரையில் இல்லாததைக் கண்டுபிடிக்காது. படங்களுக்கு அகலமும் உயரமும் முன்பே கொடுங்கள், இல்லையென்றால் படம் வந்து இறங்கும்போதெல்லாம் உரை குதிக்கும். அளவுகோல் கேட்டால் எல்சிபி (பக்கத்தின் பெரிய உள்ளடக்கம் திரையில் வர ஆகும் நேரம்) 2.5 வினாடி, ஐஎன்பி (தட்டினால் பக்கம் பதில் காட்ட ஆகும் நேரம்) 200 மில்லிவினாடி, சிஎல்எஸ் (பக்கம் குதிக்கும் அளவு) 0.1, இதற்குள் இருந்தால் நல்லது என்று கணக்கு. பழைய குறிப்புகளில் எஃப்ஐடி (முதல் தட்டுக்கான தாமதம்) என்று இருக்கும், 2024 மார்ச்சில் அதன் இடத்துக்கு ஐஎன்பி வந்துவிட்டது.

விருப்பப் பொத்தானைத் தட்டினால் சர்வருக்குக் காத்திராமல் உடனே நிறம் மாற்றுங்கள், தோற்றால் திருப்பிவிடுங்கள். ஒருவர் வேகமாக நாலு தடவை தட்டினால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு விடை தயாராக இருக்கட்டும். ஒரு பதிவைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் வந்தால் அதே இடத்தில் நிற்க வேண்டும், இதை எழுதுவதைவிட மறப்பது சுலபம். ஓடைக்குக் கீழே "எங்களைத் தொடர்புகொள்ள" என்ற இணைப்பை வைக்க வேண்டாம், யாரும் அதை எட்டவே முடியாது, பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். அதை அவர்களே வரைபடத்தில் வைத்துக் கொடுத்தாலும் சொல்லிவிடுங்கள்.